பிரிக்ஃபீல்ட்ஸில் நாற்பத்தேழு நிமிடம்

31 மே 1998, ஞாயிறு

இன்று எக்ஸ்பிரஸ் வண்டி வாளிக்குள் விழுந்தது.

தண்ணீர் பங்கீடு தொடங்கியதிலிருந்து, வீட்டில் காலியாகக் கிடந்த ஒவ்வொரு சதுர அடியிலும் இந்திரா ஒரு வாளியை வைத்துவிட்டாள். என் குட்டி ரயில் மேசைக்கு அடியில் மட்டும் ஐந்து. வளைவில் வேகம் கூடிப்போய் இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் குதித்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை.

"அது ரசத்துக்கு வெச்ச தண்ணி" என்றாள்.

எண்ணெய் மிதந்த அந்தத் தண்ணீரை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. மத்தியானம் ரசம் இருந்தது. குடித்தேன்.

3 ஜூன், புதன்

ஓஹியோவிலிருந்து மின்னஞ்சல். மூன்று வருடமாக விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன், இந்த முறை கிடைத்துவிட்டது. குட்டி ரயில்காரர்களின் இணைய மாநாட்டில் எனக்கு ஒரு ஸ்டேஷன்!

இந்த மாநாட்டுக்கு மண்டபம் கிடையாது, மாலை கிடையாது, வரவேற்புரை கிடையாது. சங்க விழாக்களில் முப்பது வருடமாக நகைச்சுவைப் பேச்சு பேசிப் பேசி மண்டபம் என்றாலே எனக்குக் கொட்டாவி வருகிறது. இதுவோ அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் கைலியோடு உட்கார்ந்து, தட்டச்சிலேயே கூடிப் பேசுகிற மாநாடு. தண்டவாளப் படங்களை ஸ்கேன் செய்து காட்டுவார்கள். மனைவிகளைப் பற்றிப் புலம்புவார்கள். பெர்த்காரரை அவர் மனைவி ரயிலோடு சேர்த்து கார் ஷெட்டில் குடியேற்றி இரண்டு வருடம் ஆகிறதாம். சந்தோஷமாக இருக்கிறாராம். இரண்டு பேரும்.

மாநாட்டில் பெரிய விஷயம் 'ஒற்றைப் பாதை'. எட்டு ஊரில் எட்டு மேசை. ஆக்லாந்துக்காரர் தன் மேசையிலிருந்து வண்டியை வெளியே அனுப்பி, 'அனுப்பிவிட்டேன்' என்று திரையில் அடிப்பார். பெர்த்காரர் தன் மேசையில் தன் வண்டியை உள்ளே கொண்டுவருவார். அடுத்தது நான், பிரிக்ஃபீல்ட்ஸ். எனக்கு அப்புறம் கனடா. இப்படிக் கைமாறிக் கைமாறி ஓஹியோ போய்ச் சேர்ந்தால் ஒரே வண்டி பாதி உலகம் சுற்றியதாக அர்த்தம்.

இந்திராவிடம் விளக்கினேன்.

"வண்டியில யாரு போறா?"

"யாரும் போகல."

"அப்ப எதுக்கு?"

பதில் இல்லாத கேள்வியாகப் பார்த்துக் கேட்பதில் என் மனைவிக்கு நிகர் கிடையாது. உமையாள்தான் கை தட்டினாள். சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இந்த வீட்டில் எனக்கிருக்கிற ஒரே ரசிகை, ஒரே மகள்.

7 ஜூன், ஞாயிறு

மாஸ்டர் வந்தார். பக்கத்து வீட்டு வல்லிபுரம், நிஜ ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மேசையைப் பார்ப்பதற்கென்றே வாரம் ஒருமுறை வருவார், தலையில் அடித்துக்கொள்வார், கோப்பி குடிப்பார், போவார்.

என் குட்டி ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையின் தலை போன வாரம் காணாமல் போய்விட்டது. கடுகு ஒன்றைப் பசை தடவி ஒட்டியிருந்தேன். குனிந்து பார்த்தார்.

"உது நானோ?"

"சாயல் இருக்கா மாஸ்டர்?"

"செட்டியார், நீர் வண்டியை ஓட்டும். ஆனா அந்த ஹோம் சிக்னல் இறங்காமல் வண்டி உள்ள வந்தது. கண்டனீரோ? ஒரு நூறு பேர் சரி, செத்துப் போச்சினம்."

வண்டியில் யாரும் இல்லை என்றேன். இந்திரா கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. "ஆள் இல்லாட்டியும் ரூல் இருக்கு" என்றார்.

14 ஜூன், ஞாயிறு

கிள்ளானிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

என் மேசை உண்மையில் ஒரு பழைய கதவு. அதை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துத் துணி போட்டு மூடச் சொல்லி இந்திரா உத்தரவு. மலை, சுரங்கம், எண்ணெய்ப்பனைத் தோட்டம் எல்லாம் செங்குத்தாக நின்றன. நடுவில் ஒருமுறை துணிக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டி கழன்று விழுந்த சத்தம். "எலி" என்றேன். "எங்க கடைலயும் இருக்கு லா" என்றார் ராமசுப்பிரமணியன் மிகுந்த அனுதாபத்தோடு. மாப்பிள்ளையின் தகப்பனார். கிள்ளானில் இரும்புக்கடை, போர்ட்டில் ஒரு கிடங்கு. குலக் கோயில் வேறு, அதனால் சம்பந்தம் செய்யலாம், ஜாதகம் பொருத்தம், பையன் லட்சணம். அதிகம் பேசவில்லை. அவன் அம்மா பேசியதில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் சரி.

அந்த அம்மா நாச்சாள் ஆச்சி இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்டு மருமக்க யாரும் வேலைக்குப் போறதில்ல. நமக்கென்ன, கடை இருக்கு, வீடு இருக்கு."

நான் விடுவேனா. "எங்க வீட்லயும் யாரும் வேலை பாக்கறதில்ல ஆச்சி, ஆபீசுக்குத்தான் போறோம்" என்றேன்.

அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆச்சிக்குப் புரை ஏறிவிட்டது. உமையாள் தண்ணீர் கொண்டுவர எழுந்து போனாள்.

நல்ல சம்பந்தம். நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் இன்றைக்கு நான் நல்ல ஃபார்மில் இருந்தேன்.

21 ஜூன், ஞாயிறு

சுரங்கத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். உமையாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பச்சி, கிள்ளான் விஷயமா ஒண்ணு பேசணும்."

"கிள்ளானுக்கு என்ன ஆத்தா, அரை மணிக்கு ஒரு கொமுட்டர் ரயில் இருக்கு. தூங்கிட்டாக்கூடப் பரவால்ல, கடைசி ஸ்டேஷன் போர்ட்டுல கடல் வந்து எழுப்பிரும்."

சிரித்தாள். போய்விட்டாள். நீல வண்ணத்தில் கொஞ்சம் கறுப்பு கலந்தால் அச்சு அசலாகப் புகை படிந்த சுவர் வருகிறது.

5 ஜூலை, ஞாயிறு

இந்திராவுக்கும் நாச்சாள் ஆச்சிக்கும் டெலிபோனில் ஒரு மணி நேரம். முடிவு: கிள்ளான் வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி, வருகிற 19ஆம் தேதி ஞாயிறு காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்காலுக்குள், நல்ல நேரத்தில், போன் செய்து நாள் சொல்வார்கள். முதல் வார்த்தை நல்ல நேரத்தில் வர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கமாம். மூத்த மகனுக்கும் அப்படித்தானாம்.

எனக்கு ஆட்சேபணை இல்லை. அன்று ரயில் இல்லாமல் இருந்தால் சரி.

7 ஜூலை, செவ்வாய்

அன்றுதான் ரயில்.

ஒற்றைப் பாதை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஓடுகிறது, 12, 19. அவர்களுக்குச் சனி இரவு எட்டு மணி, நமக்கு ஞாயிறு காலை எட்டு. படிவத்தை நிரப்பி அனுப்பியது உமையாள். 12ஆம் தேதி நிரம்பிவிட்டதாம். "19தான் கெடச்சுது அப்பச்சி" என்றாள், முகம் வாடி. நான்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

சிக்கல் இதுதான். இந்த வீட்டில் டெலிபோன் லைன் ஒன்று. கம்ப்யூட்டர் இணையத்துக்குப் போனால் டெலிபோன் செத்துவிடும். அடுப்படியில் இருக்கிற எக்ஸ்டென்ஷனை யாராவது தூக்கினால் இணையம் செத்துவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியாது. கைப்பேசி என்கிற செங்கல்லை வாங்கலாம் என்று உமையாள் போன வருடமே சொன்னாள். நான் அதற்கும் ஒரு ஜோக் சொன்னதாக ஞாபகம்.

மூன்று வருடக் காத்திருப்பு. மகள் கல்யாணம். ஒரே கம்பி.

இந்திராவிடம் எப்படிச் சொல்வது?

8 ஜூலை, புதன்

சொல்லவில்லை.

11 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். அவள் சொன்னதை இங்கே எழுதினால் காகிதம் கருகும். "ஐம்பத்தி ரெண்டு வயசு" என்பது நான்கு முறை வந்தது.

பிறகு காகிதத்தில் கால அட்டவணை போட்டுக் காட்டினேன். வண்டி 8.10க்கு எனக்கு வரும். 8.15க்குப் புறப்பட்டு கனடாவுக்குப் போய்விடும். 8.16க்கு இணையத்தைத் துண்டிப்பேன். 8.45 வரைக்கும் நல்ல நேரம். கிள்ளானுக்கு இருபத்தொன்பது நிமிடம் முழுசாக இருக்கிறது. யார் இந்தக் காலத்தில் நல்ல நேரம் தொடங்கின உடனே போன் செய்கிறார்கள்? நம் ஆட்கள் கடைசிப் பத்து நிமிடத்தில்தான் எழுந்திருப்பார்கள்.

"எட்டு பதினாறு. ஒரு நிமிஷம் கூடுச்சு, அந்தக் கதவைச் செந்தூல்ல விறகுக்குப் போட்டுருவேன்" என்றாள்.

இன்னொரு சிக்கல். வண்டியை ஓட்ட எனக்கு இரண்டு கையும் வேண்டும். தட்டச்சு செய்ய ஆள் வேண்டும். உமையாளைக் கேட்டேன். மோடத்தை அவள் பார்த்துக்கொள்வாளாம். தட்டச்சுக்கு ஒரு யோசனை சொன்னாள்: "வல்லிபுரம் அங்கிளக் கேளுங்க அப்பச்சி. ரியல் ஸ்டேஷன் மாஸ்டர்! மாநாட்டுக்காரங்க ஆடிப் போயிருவாங்க லா."

எனக்கு ஏன் தோன்றவில்லை? மூளை என் பக்கத்து மூளைதான், அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்கிறது.

12 ஜூலை, ஞாயிறு

மாஸ்டர் பிகு செய்தார். பொம்மை வண்டிக்குத் தான் கொடி காட்டுவதா என்றார். உமையாள் அரை மணி நேரம் பேசினாள். ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: "நான் டியூட்டியில நிண்டா, ரூல் புத்தகப்படிதான். ஒருத்தரும் குறுக்க பேசேலாது."

"கண்டிப்பா அங்கிள். ரூல்ஸ்னா ரூல்ஸ்தான்" என்றாள் உமையாள்.

18 ஜூலை, சனி

எல்லாம் தயார். வளைவில் மெதுவாகப் போகப் பழகிவிட்டேன். வாளிகளை இந்திரா நகர்த்தவில்லை. ஒரு கை பார்க்கிறாளாம்.

19 ஜூலை, ஞாயிறு

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும்.

7.50. மாஸ்டர் வந்தார். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தொப்பி! பழைய யூனிஃபார்ம். வயிற்றுப் பக்கம் இரண்டு பொத்தான்கள் போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பென்சில் சீவி, ரிஜிஸ்டர் ஒன்றைத் திறந்து கோடு போட்டார்.

8.00. உமையாள் இணைத்துக்கொடுத்தாள். எட்டுப் பேரும் திரையில். ஆக்லாந்து அனுப்பியது. பெர்த் வாங்கியது.

8.09. பெர்த்திலிருந்து எனக்கு வண்டி வந்தது. சிக்னலை இறக்கி, வளைவில் பதவிசாகத் திருப்பி, பிளாட்பாரத்தில் கடுகுத்தலையருக்கு நேராக நிறுத்தினேன். என் வாழ்க்கையில் நான் இவ்வளவு ஒழுங்காக எதையும் நிறுத்தியதில்லை, காரைக்கூட.

8.12. மாஸ்டர் ஒற்றை விரலால் தட்டிக் கனடாக்காரரிடம் கேட்டார்: லைன் கிளியரா, அதாவது உங்கள் ஸ்டேஷன்வரை பாதை காலியா? அந்த மனிதர் பெயர் டக். உடனே பதில்: 'ஓகே, அனுப்பு!'

நான் ரெகுலேட்டரில் கை வைத்தேன். மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"நில்லும்."

"என்ன மாஸ்டர், ஓகே சொல்லிட்டாரே."

"ஓகே எண்டா என்ன? எந்த வண்டிக்கு ஓகே? வண்டி நம்பர் எங்கை? நேரம் எங்கை? தனி எண் எங்கை?"

லைன் கிளியர் கொடுக்கிற ஸ்டேஷன், ஒவ்வொரு பதிலோடும் தன் பட்டியலிலிருந்து ஒரு தனி எண் தர வேண்டுமாம். அந்த எண் இருந்தால்தான் நிஜமாகவே பொறுப்பான ஆள் யோசித்துப் பதில் சொன்னார் என்று அர்த்தமாம். இல்லாவிட்டால் வண்டி நகராது.

டக் அடித்தார்: 'போ! போ! போ!'

"கத்தினா லைன் கிளியர் ஆகுமோ?" என்றார் மாஸ்டர், ரிஜிஸ்டரில் எதையோ எழுதிக்கொண்டே.

8.16. அடுப்படியிலிருந்து: "மணி எட்டு பதினாறு!"

8.20. டக் ஒரு தனி எண் அனுப்பினார்: 1. மாஸ்டர் நிராகரித்தார். ஒற்றை எண் செல்லாது, இரண்டு இலக்கம் வேண்டும், அதுவும் முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலிலிருந்து வர வேண்டும். நான் மன்றாடினேன். மகள் கல்யாணம் மாஸ்டர் என்றேன். "அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நடு வழியில ரெண்டு வண்டி மோதினா நீரோ வந்து பதில் சொல்லுவீர்?" உமையாள் அவருக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்தாள். "அங்கிள் சொல்றது சரிதான் அப்பச்சி" என்றாள். இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு பொறுமை!

8.31. இந்திராவால் தாங்க முடியவில்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்க அடுப்படி எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிட்டாள். இணையம் செத்தது. திரை உறைந்தது. அவள் கீழே வைத்ததும் ஹாலில் போன் மணி அடித்தது. அடித்தது என்றால் பாதி அடித்தது. அதற்குள் உமையாள் மின்னல் மாதிரி மோடத்தை மறுபடி டயல் செய்துவிட்டாள். "ராங் நம்பரா இருக்கும்" என்றாள்.

8.33. இணைந்தோம். மாஸ்டர்: "தொடர்பு அறுந்தது. பழைய பேச்சு ஒண்டும் செல்லாது. முதல்ல இருந்து."

அலாமாக்!

8.45. சாமி அலமாரிப் பக்கம் இந்திராவின் விசும்பல்.

8.52. இதற்குள் கனடாக்காரரின் போக்கே மாறிவிட்டது. டக்குக்கும் வெறி பிடித்துவிட்டது. பட்டியல் தயாரித்து, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து அனுப்பினார். மற்ற ஆறு ஸ்டேஷனும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டன. பெர்த்காரர் தன் மனைவியைக் கார் ஷெட்டுக்கே கூப்பிட்டுக் காட்டுகிறாராம்.

9.02. வண்டி நம்பர், நேரம், தனி எண் 47, எல்லாம் சரி. மாஸ்டர் எழுந்து நின்று, நிஜமாகவே எழுந்து நின்று, பச்சைக் கொடியை விரித்தார். வண்டி பிரிக்ஃபீல்ட்ஸை விட்டது. நாற்பத்தேழு நிமிடம் தாமதம்.

9.03. துண்டித்தேன்.

10.10. போன் அடித்தது. ராமசுப்பிரமணியன். எட்டு ஐந்துக்கே முயற்சி செய்யத் தொடங்கிவிட்டார்களாம். எங்கேஜ்டு. எட்டே முக்கால் வரை எங்கேஜ்டு. ஒரே ஒரு தடவை மணி போய், உடனே கட்டாகிவிட்டதாம். "தப்பா நெனைக்காதீங்க செட்டியாரே. மொத வார்த்தையே போகமாட்டேங்குது. எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு மனசு ஒப்பல. விட்டுருவோம்."

அவ்வளவுதான்.

மணி பத்து பதினைந்தானபோது என் மகளுக்கு இருந்த சம்பந்தம் இல்லை. எல்லாம் — எல்லாம் என்னால். எனக்கு ரயில் கேட்டுதா? ஐம்பத்தி ரெண்டு வயசுல ரயில் கேட்டுதா?

20 ஜூலை, திங்கள்

இந்திரா பேசவில்லை. ரசமும் இல்லை.

26 ஜூலை, ஞாயிறு

மாநாட்டிலிருந்து சான்றிதழ் வந்திருக்கிறது. எனக்கில்லை. 'நான்கு வருடத்தில் முதல்முறையாக ஒரு வண்டியைப் போகவிட மறுத்த ஸ்டேஷன் மாஸ்டர் வல்லிபுரம் அவர்களுக்கு.' அடுத்த வருட மாநாட்டில் அவர் சிறப்புரையாம். நான் அவருக்குத் தட்டச்சு செய்து உதவ வேண்டுமாம். உமையாள் கலரில் அச்சடித்துக் கொடுத்தாள். மாஸ்டர் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்.

கிள்ளான் கோயிலில் பேச்சு எப்படித் திரும்பியிருக்கிறது தெரியுமா? பெண் வீட்டில் யூனிஃபார்ம் போட்ட ஒரு கிழவரை வைத்து வருகிற போனை எல்லாம் மறிக்கிறார்களாம். கேட்டுவிட்டு வந்து சொன்னவரிடம், அவர் சம்பளமில்லாமல்தான் மறிக்கிறார் என்றேன். இந்திராவின் உதடு ஒரு ஓரத்தில் அசைந்தது. ஒரு வாரத்தில் முதல் அசைவு.

உமையாள் மட்டும் எப்போதும்போல இருக்கிறாள். எப்போதும்போல என்ன, கொஞ்சம் பாட்டுகூட முணுமுணுக்கிறாள். எனக்காகத் தைரியமாக நடிக்கிறாள் பாவம்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

பழைய மின்னஞ்சல்களை அழித்துக்கொண்டிருந்தேன். ஜூலை 6ஆம் தேதி ஓஹியோ அனுப்பியது ஒன்று கண்ணில் பட்டது. 'பிரிக்ஃபீல்ட்ஸுக்கு 12, 19 இரண்டு தேதியும் திறந்தே இருக்கின்றன. எது வசதி?'

அதற்குக் கீழே நான் அனுப்பிய பதில், அதாவது என் பெயரில் போன பதில்: '19.'

மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய் இந்த நோட்டை எடுத்துப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினேன். பாதி மணி அடித்த போன். மின்னல் மாதிரி டயல். மாஸ்டரைக் கூப்பிடலாம் என்ற யோசனை. நான் ரசித்து எழுதி வைத்திருக்கிறேன்! நல்ல பிள்ளை, பொறுமை, மூளை!

ஜூன் 21க்கு வந்து நின்றேன். 'ஒண்ணு பேசணும்.' அதற்கு நான் சொன்ன கொமுட்டர் ஜோக். அதற்குக் கீழே சுரங்கச் சுவருக்கு என்ன வண்ணம் என்று ஒரு வரி.

மகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் வண்ணக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மனுஷன்தானா நான்?

ஜூன் 14க்கும் போனேன். ஆச்சி வேலையை விடச் சொல்கிறார். நான் புரையேறுகிற அளவுக்குச் சிரிக்க வைக்கிறேன். உமையாள் எழுந்து போகிறாள். 'நல்ல ஃபார்ம்.'

3 ஆகஸ்ட், திங்கள்

வேலை முடிந்து வந்தவளை ரயில் மேசைப் பக்கம் கூப்பிட்டேன். மின்னஞ்சலை அச்சடித்து வைத்திருந்தேன். பார்த்தாள். மறுக்கவில்லை. கடுகுத்தலையரை எடுத்து விரலில் உருட்டினாள்.

"ஆத்தாகிட்ட சொன்னா அழுவாங்க. உங்ககிட்ட சொன்னா சிரிக்க வெச்சிருவீங்க. நான் யார்கிட்டத்தான் சொல்றது அப்பச்சி?"

"ஒரு தடவ… இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே ஆத்தா."

"ஜோக் நல்லா இருந்துச்சு. கடல் வந்து எழுப்பிரும்னு. அதான் சிரிச்சிட்டேன். சிரிச்சப்புறம் எப்படிச் சொல்றது?"

எனக்கு வாயில் ஒரு ஜோக்தான் வந்தது, பல்லுக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டேன். முப்பது வருடத்தில் இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வலிக்கிறது.

வேலையை விட அவளுக்கு இஷ்டமில்லை. கல்யாணமே வேண்டாம் என்றில்லை. இப்போது இல்லை, கிள்ளான் இல்லை, அவ்வளவுதான். சொல்லி முடிக்க அவளுக்கு நான்கு நிமிடம் ஆனது. நான்கு நிமிட விஷயத்துக்குப் பாவம், எட்டு ஊர் ரயில்வேயை நிறுத்தியிருக்கிறாள்.

"அங்கிளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவர் நெஜமாவே அப்படித்தான்."

5 ஆகஸ்ட், புதன்

இந்திராவிடம் மின்னஞ்சலைப் பற்றிச் சொல்லவில்லை. பழி என் மேலேயே இருக்கட்டும். பழக்கமான இடம்.

13 செப்டம்பர், ஞாயிறு

பினாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் கேட்டு வந்திருக்கிறது. பையன் டாக்டர். இந்திராவின் குரல் மறுபடி பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. "இந்தத் தடவ நான் போனுக்குப் பக்கத்துலயே படுத்துக்கறேன்" என்றாள்.

மாஸ்டர் அடுத்த மாநாட்டுக்காக லைன் கிளியர் படிவம் ஒன்றைத் தானே வரைந்து ஐம்பது பிரதி எடுத்து வைத்திருக்கிறார். கேட்கும் ஸ்டேஷன், பதில் சொல்லும் ஸ்டேஷன், வண்டி, நேரம், தனி எண். ஒன்று வாங்கி வந்தேன். கேட்கும் ஸ்டேஷன்: அப்பச்சி. பதில் சொல்லும் ஸ்டேஷன்: உமையாள். வண்டி: பினாங்கு. லைன் கிளியரா?

அவள் கம்ப்யூட்டர் விசைப்பலகை மேல் வைத்தேன். இந்திரா பார்த்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்கு ஃபாரம்? பெத்த பிள்ளைகிட்ட கேக்க வாயில்லையா?"

"வாய் இருக்கு. அதான் பிரச்சினை."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு படிவத்தைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, "19ஆம் தேதி அவதான மறுபடி டயல் பண்ணா?" என்று கேட்டாள். நான் ஒரு பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை. படிவத்தை நேராக வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க மேலே ஒரு எண்ணெய்ப்பனை மரத்தை எடுத்து வைத்தாள். என் எண்ணெய்ப்பனை.

16 செப்டம்பர், புதன்

பதில் வரவில்லை. பினாங்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டது. பதில் வரும்வரை வண்டி நிற்கும் என்று இந்திராவே சொல்லிவிட்டாள். வேறு வார்த்தையில் சொன்னாள், அர்த்தம் அதுதான்.

20 செப்டம்பர், ஞாயிறு

காலையில் கோப்பித் தம்ளருக்கு அடியில் படிவம் இருந்தது.

'லைன் கிளியர் இல்லை. பாதையில் வேலை நடக்கிறது. முடிந்ததும் நானே தகவல் தருகிறேன். நேரம் 7.20. தனி எண் 26. உமையாள்.'

மாஸ்டரிடம் காட்டினேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "நேரம் கிடக்கு. தனி எண் கிடக்கு. ஒழுங்கான பதில்" என்றார். "இதில ஒரு கொப்பி எடுத்துக் கனடாக்காரனுக்கு அனுப்பும்." கடைசி வரைக்கும் எந்த வண்டி என்று கேட்கவில்லை.

பினாங்குக்கு நானே போன் செய்தேன். ஹால் போனில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அந்தப் பக்கத்துப் பெரியவர், என்ன காரணம் என்று கேட்டார். நுனி நாக்கில் மூன்று ஜோக் வரிசையில் நின்றது.

"பிள்ளை இப்ப வேணாங்குது" என்றேன்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. அடுப்படி வாசலில் இந்திரா நின்றாள், கையில் எக்ஸ்டென்ஷன் இல்லை. உமையாள் மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து, கடுகுத்தலையருக்குப் புதிதாக ஒரு தொப்பி ஒட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

"சரி" என்றார் பினாங்குக்காரர். "சொன்னீங்களே, அது போதும்."

இப்படிப்பட்ட பதில்களை ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் ரூல். படிவத்தை எதிர்ப்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.